நெட்டை ஒட்டி அடிக்கிறது யாரு? – டென்னிஸ் சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம்ங்க. இந்த வாரம் வந்ததுல ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கறேன். ஏன்னா அதுக்குள்ளயே மூணு கேள்வி இருக்கு. சேலம் அஸ்தம்பட்டியில இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார், படிச்சுடறேன்.

"சார், எனக்கு 41 வயசு. ஆறு வருஷமா காலையில ஆடறேன். டிவியில பாக்கிறவங்க நெட்டை ஒட்டியே சர்ரு சர்ருனு அடிக்கிறாங்க, பந்து கோட்டு மேல விழுது. நான் அப்படி அடிச்சா பாதி நெட்டுல, பாதி வெளியில. அவங்களுக்கும் நமக்கும் வித்தியாசம் பலம் மட்டும்தானா? போன மாசம் ஏற்காட்டுல ஒரு கோர்ட்டுல ஆடினோம். சேலத்துல உள்ள விழற அதே அடி அங்க பின்னாடி வேலியில போய் முட்டுச்சு. அது ஏன்? அப்புறம், ராக்கெட்டுக்கு எத்தனை பவுண்டு போடலாம்?"

சரிங்க. முதல்ல அந்த 'நெட்டை ஒட்டி'யைப் பாப்போம். அது நெட்டை ஒட்டிப் போகவே இல்லை. டிவி கேமராவை பேஸ்லைனுக்கு, அதாவது கோர்ட்டோட கடைசிக் கோட்டுக்குப் பின்னாடி நல்ல உயரத்துல வெச்சு, கீழ பாக்கிற மாதிரி திருப்பியிருப்பாங்க. மேல இருந்து பாக்கறப்ப கோர்ட்டோட நீள அகலம் தெளிவாத் தெரியும், ஆனா பந்து எவ்வளவு உயரம் எழும்பிப் போகுதுங்கறது அமுங்கிப் போயிடும். அதனால வளைஞ்சு போற பந்து நேர்க்கோடாத் தெரியுது. கோர்ட் மட்டத்துல, பக்கவாட்டுல நின்னு எடுத்த வீடியோ ஒண்ணைத் தேடிப் பாருங்க. பேஸ்லைன்ல இருந்து ஆடற சாதாரண ராலியில, அதாவது ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அடிச்சுக்கறப்ப, பந்து நெட்டுக்கு மேல ரெண்டு அடி, மூணு அடி போகும். தற்காத்துக்கிற நேரத்துல ஆறு அடி கூடப் போகும். நெட்டை உரசிப் போறது, ஓடி வந்து முடிக்கிற அடியும், நெட்டுக்கிட்ட வந்து நிக்கிறவரைத் தாண்டிப் போற பாஸிங் ஷாட்டும்தான். ஹைலைட்ஸ்ல அது ரெண்டை மட்டும்தான் காட்டுவாங்க, அதனால எல்லா அடியும் அப்படித்தான்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு.

நெட்டோட உயரம் நடுவுல 91 சென்டிமீட்டர், ரெண்டு ஓரத்துலயும் 107 சென்டிமீட்டர். அதாவது மூணு அடி, மூணரை அடி. இடுப்பு உயரத்துல வர்ற பந்தைச் சுத்தே இல்லாம தட்டையா, பலமா அடிச்சா என்ன ஆகும்? கொஞ்சம் தாழ்ந்தா நெட்டு. கொஞ்சம் உயர்ந்தா பேஸ்லைனைத் தாண்டிடும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்து ரொம்பக் குறுகல். அந்தச் சந்துக்குள்ள நூறு பந்தை அனுப்ப புரொஃபஷனலாலயும் முடியாது, அதனாலதான் அவங்க அதை முயற்சி பண்றதே இல்லை. பந்தை உயரமா அனுப்பி, டாப்ஸ்பின்னால கீழ இறக்கறாங்க. முன்பக்கமாச் சுத்திக்கிட்டே போற பந்தைக் காத்து கீழ அழுத்தும். அதனால நெட்டுக்கு மூணு அடி மேல போனாலும் பேஸ்லைனுக்கு ஒரு மீட்டர் உள்ள வந்து குத்திடும். நடாலோட ஃபோர்ஹேண்டை அளந்தப்ப சராசரியா நிமிஷத்துக்கு 3,200 சுத்து வந்துச்சு. நொடிக்கு 53 சுத்து. ஃபெடரருக்கு 2,700 பக்கம். இதைச் சுத்துறதுக்குத்தான் அவங்க பலம் நிறையச் செலவாகுது. நம்ம பலமெல்லாம் பந்தை முன்னாடி தள்ளறதுலயே போயிடுது.

இப்ப சுத்து எப்படி வருதுன்னு பாப்போம், இங்கதான் நிறையப் பேருக்குக் குழப்பம். பந்தைத் தொடறப்ப மணிக்கட்டை உருட்டினா டாப்ஸ்பின் வரும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. பந்து ஸ்ட்ரிங்ல இருக்கிற நேரமே ஒரு நொடியில ஆயிரத்துல அஞ்சு பங்குதான். அதுக்குள்ள நீங்க எதையும் உருட்ட முடியாது. நீங்க உருட்டறதா நினைக்கிற நேரத்துல பந்து போய்ச் சேர்ந்திருக்கும். சுத்து வர்றது ராக்கெட் வர்ற பாதையால. பந்தைத் தொடறதுக்கு முன்னாடி ராக்கெட் தலை பந்துக்கு ஒரு அடி கீழ இருக்கணும், அங்க இருந்து மேல நோக்கி ஏறிக்கிட்டே பந்தைச் சந்திக்கணும். தொடற நொடியில ராக்கெட் முகம் கிட்டத்தட்ட செங்குத்தா, துளி கீழ பாத்தாப்பல இருக்கணும். முகம் வானத்தைப் பாத்துச்சுன்னா நீங்க எவ்வளவு மேல இழுத்தாலும் அது தூக்கி விட்ட பந்துதான்.

ராக்கெட்டைக் கீழ கொண்டு போறதுலயும் ஒரு தப்பு நடக்குது. கையை மட்டும் கீழ தொங்க விடறாங்க, முழங்கால் விறைப்பாவே நிக்குது. அப்ப தோள் ஒரு பக்கம் சாஞ்சு, அடி தோளுக்கு மேல போயிடும். முழங்காலை மடக்கி உடம்பையே இறக்குங்க, அப்புறம் கால் நிமிர்றப்ப ராக்கெட் தன்னால மேல ஏறும். அடியோட சக்தியில பாதிக்கு மேல காலும் இடுப்பும் குடுக்கிறதுதான். தரையை அழுத்தறதுல ஆரம்பிச்சு இடுப்பு, மார்பு, தோள், கை, கடைசியா ராக்கெட்னு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வரணும். நம்ம ஊர்ல ஷட்டில் ஆடிட்டு டென்னிஸுக்கு வந்தவங்க நிறைய. ஷட்டில்காக் அஞ்சு கிராம், டென்னிஸ் பந்து 56ல இருந்து 59 கிராம். அதே மணிக்கட்டுச் சொடுக்கை இதுல பண்ணினா முழங்கைதான் பதில் சொல்லணும். டென்னிஸ் எல்போன்னு பிசியோகிட்ட போறவங்கள்ல பாதிப் பேர் கதை இதுதான்னு தோணுது எனக்கு.

பிடியைப் பத்தி ஒரு வார்த்தை. கை குலுக்கற விதத்துல பிடிச்சா ஈஸ்டர்ன். தரையில படுத்திருக்கிற ராக்கெட்டை மேல இருந்து அள்ளி எடுத்தா செமி-வெஸ்டர்னை ஒட்டி வரும். இன்னைக்கு ஆடற பெரும்பாலான ஆட்டக்காரங்க ஃபோர்ஹேண்டுக்கு செமி-வெஸ்டர்ன்தான். 41 வயசுல ஈஸ்டர்ன்ல நல்லா அடிச்சிக்கிட்டு இருந்தீங்கன்னா மாத்தவே வேண்டாம். விரலை ஒரு நூல் அளவுக்கு நகர்த்தினாப் போதும். ஆனா பிடியோட இறுக்கத்தைக் குறைங்க. பத்துக்கு மூணு, நாலு இறுக்கம் போதும். இறுக்கிப் பிடிச்ச கையில ராக்கெட் தலை பின்தங்கி வராது. பின்தங்கி வந்தாத்தான் கடைசியில வேகம் கிடைக்கும்.

பழகறதுக்கு ஒரு வழி சொல்றேன். சர்வீஸ் லைன்ல நில்லுங்க, நெட்டுல இருந்து 6.4 மீட்டர். எதிர்ல இருக்கறவரும் அவர் பக்கத்து சர்வீஸ் லைன்ல. ரெண்டு பேரும் முழு வீச்சுல அடிக்கணும், மெதுவாத் தட்டக் கூடாது. ஆனா பந்து நெட்டுக்கும் சர்வீஸ் லைனுக்கும் நடுவுல இருக்கிற சர்வீஸ் பாக்ஸுக்குள்ளயே விழணும். முழு வீச்சையும் மேல நோக்கித் திருப்பாம இது நடக்காது. மொத நாள் எல்லாமே பறக்கும். ஒரு வாரத்துல பந்து வளைஞ்சு இறங்கறது கண்ணுக்குத் தெரியும். அப்புறம்தான் பேஸ்லைனுக்குப் போகணும். அங்க நெட் கம்பத்துல ரெண்டு மூங்கில் குச்சியைக் கட்டி, நெட்டுக்கு ரெண்டரை அடி மேல ஒரு கயிறு இழுத்துக் கட்டுங்க. பந்தெல்லாம் கயித்துக்கு மேல போகணும். குறி வைக்கிறது பக்கக் கோட்டுக்கு ஒரு மீட்டர் உள்ள, பேஸ்லைனுக்கு ஒன்றரை மீட்டர் உள்ள. புரொஃபஷனல்கள் கோட்டுல அடிக்கிறதாத் தெரியறதுல நிறைய, ஒரு மீட்டர் உள்ள குறி வெச்சு தப்பிப் போய்க் கோட்டுல விழுந்ததுதாங்க.

ரெண்டாவது வித்தியாசம் அடிக்கு முன்னாடியே நடக்குது. எதிராளி அடிக்கிற நேரத்துல அவங்க கால் என்ன பண்ணுதுன்னு மட்டும் ஒரு செட் முழுக்கப் பாருங்க, பந்தைப் பாக்காதீங்க. எதிராளி ராக்கெட் முன்னாடி வர்றப்ப ஒரு சின்னத் துள்ளல், பந்தைத் தொட்டதும் ரெண்டு காலும் அகலமாத் தரையில இறங்கும். இதுதான் ஸ்ப்ளிட் ஸ்டெப். எந்தப் பக்கம்னு தெரியறதுக்கும் கால் தரையைத் தொடறதுக்கும் சரியா இருக்கும், அப்படியே அந்தப் பக்கம் உந்திக் கிளம்பிடலாம். நம்ம ஆட்டத்துல என்ன நடக்குது? குதிகால் ஊனி நின்னுக்கிட்டு, நம்ம அடிச்ச பந்து எங்க விழுதுன்னு வேடிக்கை பாக்கறோம். பந்து நெட்டைத் தாண்டின பிறகுதான் கிளம்பறோம். பேஸ்லைன்ல இருந்து பேஸ்லைன் வர ஒரு நொடி, ஒன்றரை நொடி ஆகும். அதுல பாதி வேடிக்கையிலயே போயிடுது. சீக்கிரமாக் குதிச்சாலும் பிரயோஜனம் இல்லை, எதிராளி அடிக்கறதுக்குள்ள கால் தரையில ஆணி அடிச்சிடும்.

அடுத்தது தோள். எதிராளி அடிச்ச பந்து நெட்டைத் தாண்டறதுக்குள்ள உங்க ரெண்டு தோளும் பக்கவாட்டுல திரும்பியிருக்கணும். ராக்கெட்டை மட்டும் பின்னாடி இழுக்கறது திரும்பறது ஆகாது. இடது கையை ராக்கெட்டோட கழுத்துலயே வெச்சுக்கிட்டுத் திரும்புங்க, தோள் தன்னால வரும். இடது கையைச் சீக்கிரமா விட்டுட்டா வலது கை மட்டும் பின்னாடி போகும், மார்பு நெட்டைப் பாத்தபடி நிக்கும். பந்து நம்மகிட்ட குத்தின பிறகு ராக்கெட்டைப் பின்னாடி இழுக்க ஆரம்பிக்கிறவங்கதான் எப்பவும் 'லேட்டாயிடுச்சு'ன்னு சொல்றவங்க. பந்தை உடம்புக்கு முன்னாடி, முன்னங்கால் கட்டைவிரலுக்கு நேரா சந்திக்கணும். இடுப்புக்குப் பக்கத்துல வந்த பிறகு அடிச்சா எந்தப் பிடியும் காப்பாத்தாது.

சரி, இனி ஆட்டத் திட்டத்துக்கு வருவோம். என்னைக் கேட்டா அடிக்கிற முறையை விட இதுலதான் பெரிய இடைவெளி. பலமும் சுத்தும் இல்லாதவங்களும் இந்தப் பகுதியை நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

ரெண்டு கணக்கு சொல்றேன். ஃபெடரர் 2024ல ஒரு பட்டமளிப்பு விழாவுல பேசினப்ப, தான் ஆடின 1,526 ஒற்றையர் ஆட்டத்துல கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயிச்சதாவும், ஆனா மொத்தப் பாயிண்ட்ல 54 சதவீதம்தான் எடுத்ததாவும் சொன்னார். ரெண்டாவது, 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டம். அதுல ஃபெடரர் எடுத்தது 218 பாயிண்ட், ஜோகோவிச் 204. அடிச்சு முடிச்ச வின்னர் ஃபெடரருக்கு 94, ஜோகோவிச்சுக்கு 54. கோப்பை ஜோகோவிச்சுக்குப் போச்சு, செட்டு சமமானப்ப ஆடற டை-பிரேக் மூணையும் அவர் எடுத்ததால. வின்னரை எண்ணி ஆட்டத்தை அளக்க முடியாதுங்கறதுக்காகத்தான் இதைச் சொல்றேன். நம்ம மட்டத்துல பெரும்பாலான பாயிண்ட் யாரோ ஒருத்தர் தானாக் குடுக்கிற தப்புலதான் முடியுது. எதிராளியை விட ஒரு பந்து கூடுதலா உள்ள போட்டவருக்குத்தான் ஆட்டம்.

இப்ப எந்தத் திசையில அடிக்கிறது? கிராஸ் கோர்ட். ராலி நடக்கிற வரைக்கும் கிராஸ் கோர்ட்தான், அதாவது குறுக்க. இதுக்குக் காரணம் கோர்ட்டோட அளவுலயே இருக்கு. நேரா அடிச்சா 23.77 மீட்டர் நீளம் கிடைக்கும். மூலைக்கு மூலை குறுக்க அடிச்சா 25 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஒன்றரை மீட்டர் பக்கம் கூடுதல் இடம். நெட்டோட தாழ்வான நடுப்பகுதியைத் தாண்டிப் போகுது, ஓரத்தை விட அரை அடி குறைவு. மூணாவதா ஒண்ணு இருக்கு, அதை யாரும் சொல்லித் தர்றதில்லை. வலது மூலையில நின்னு கிராஸ் கோர்ட் அடிச்சீங்கன்னா, எதிராளி எங்கெல்லாம் திருப்பி அடிக்க முடியுமோ அதுக்கு நடு இடம் உங்க பேஸ்லைன் நடுவுல இருக்கிற சென்டர் மார்க்குக்கு வலப்பக்கமே ரெண்டடியில வந்துடும். அதே மூலையில இருந்து டவுன் த லைன், அதாவது பக்கக் கோட்டை ஒட்டி நேரா, அடிச்சா, நடு இடம் சென்டர் மார்க்கைத் தாண்டி இடப்பக்கம் போயிடும். அதாவது ஒரு மீட்டருக்கு மேல கூடுதலா ஓடணும், அதுவும் பந்து நேர்வழியில சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கிற நேரத்துல. டவுன் த லைன் அடிச்சுட்டு அடுத்த பந்துக்கு மூச்சு வாங்கறவங்க இதை நினைச்சுப் பாருங்க. அடிச்ச பிறகு எப்பவும் சென்டர் மார்க்குக்கே ஓடணும்னு யாராவது சொன்னா அது பாதிதான் சரி.

இன்னொண்ணு. குறுக்க வர்ற பந்தை அதே வழியில குறுக்க திருப்பி அனுப்ப ராக்கெட் முகம் பந்து வர்ற திசைக்கு நேரா இருந்தாப் போதும். அதையே நேரா மாத்தி அனுப்பணும்னா முகத்தைச் சாய்க்கணும், நேரமும் துல்லியமா இருக்கணும். இம்மி தாமதமானாலும் பந்து ஸ்ட்ரிங்ல பட்டுச் சறுக்கிப் பக்கக் கோட்டைத் தாண்டிடும். அதுலயும் உங்க உடம்பைத் தாண்டி வெளிப்பக்கமாப் போற பந்துன்னா திசை மாத்தவே மாத்தாதீங்க. உடம்புக்குக் குறுக்க உள்பக்கமா வர்ற பந்து, இல்ல சர்வீஸ் லைன் பக்கம் குட்டையா விழுந்து நெட்டுக்கு மேல எழும்பற பந்து, இது ரெண்டுலதான் திசை மாத்தலாம். புரொஃபஷனல் டவுன் த லைன் அடிக்கிற நேரத்தை நிறுத்தி வெச்சுப் பாருங்க. பெரும்பாலும் அவர் பேஸ்லைனுக்கு உள்ள இருப்பார், கால் ஊனி நிப்பார், எதிராளி ஒரு ஓரத்துல மாட்டியிருப்பார். அந்த நிலைமையை உருவாக்க அதுக்கு முன்னாடி மூணு கிராஸ் கோர்ட் அடிச்சிருப்பார், அதை ஹைலைட்ஸ்ல வெட்டிடுவாங்க.

மாட்டிக்கிட்டா அவங்க என்ன பண்றாங்கங்கறதையும் கவனிங்க. ஓரத்துக்கு இழுபட்டு, எட்டிப் பிடிச்சு அடிக்கிற பந்தை உயரமா, மெதுவா, நடுவுல ஆழமாப் போட்டுட்டு இடத்துக்குத் திரும்பறாங்க. நம்ம ஆளுங்க எட்டாத பந்துக்குத்தான் இருக்கிற பலத்தை எல்லாம் போடுவாங்க. லட்டு மாதிரி வர்ற பந்தைப் பயந்து தட்டுவாங்க. அப்படியே தலைகீழ்.

வேகம் இல்லாம ஜெயிக்க முடியுமான்னு சிலர் கேக்கறாங்க. நம்ம சென்னை ரமேஷ் கிருஷ்ணனைப் பாருங்க. 1989 ஆஸ்திரேலிய ஓப்பன் ரெண்டாவது ரவுண்டுல, அப்ப உலக நம்பர் 1ஆவும் முந்தின வருஷ சாம்பியனாவும் இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோக்கடிச்சார். சர்வ்ல பெரிய வேகம் கிடையாது. பந்தை எழும்பறப்பவே எடுத்து, எதிராளியோட வேகத்தையே திருப்பி அனுப்பி, நேரத்தைப் பறிக்கிறவர்.

சர்வ். பெரிய போட்டிகள்லயே பத்துல ஏழு பாயிண்ட் நாலு ஷாட்டுக்குள்ள முடிஞ்சுடுது. அப்படின்னா சர்வும் அதைத் திருப்பி அடிக்கிற ரிட்டர்னும்தான் ஆட்டத்தோட பெரும்பகுதி. நம்ம ராலிக்கு ஒரு மணி நேரம் நாக்கிங் பண்ணுவோம், சர்வுக்கு அஞ்சு பந்து போட்டுட்டு 'ஆரம்பிக்கலாமா'ம்போம். புரொஃபஷனல் முதல் சர்வ் நூத்துக்கு அறுபது, அறுபத்தஞ்சு உள்ள போகும். நம்ம மட்டத்துல முதல் சர்வை மூச்சைப் பிடிச்சு அடிச்சு வெளிய அனுப்பிட்டு, ரெண்டாவதை எதிராளிக்குப் பரிமாறறோம். அவங்க ரெண்டாவது சர்வுக்கும் ராக்கெட் வேகத்தைக் குறைக்கறதே இல்லை. வேகமாத்தான் வீசறாங்க, ஆனா அந்த வேகம் பந்தைச் சுத்தறதுக்குப் போகுது. அதனால பந்து நெட்டுக்கு நல்லா மேல போய், பாக்ஸுக்குள்ள இறங்கி, குத்தி எகிறுது.

நமக்கு ஏன் வராதுன்னா பிடி. நம்மள்ல நிறையப் பேர் தோசைக் கரண்டியைப் பிடிக்கிறாப்பல ராக்கெட் முகத்தை முன்னாடி காட்டிப் பிடிச்சு சர்வ் பண்றோம். அதுல பந்தைத் தள்ளத்தான் முடியும், சுத்த முடியாது. சர்வுக்கு கான்டினென்டல் பிடி வேணும். சுத்தியலால ஆணி அடிக்கப் பிடிக்கிற பிடி. ராக்கெட்டோட விளிம்பு பந்தை நோக்கிப் போய், கடைசி நேரத்துல முன்கை திரும்பி முகம் வரும். இதுக்கு மாறினா முதல் ரெண்டு வாரம் வலக்கைக்காரங்களுக்குப் பந்து இடப்பக்க வேலிக்குப் போகும். அதைப் பாத்துப் பயந்து பழைய பிடிக்குத் திரும்பினவங்க ஏராளம். போகட்டும், விடுங்க. பேஸ்லைன்ல ஆரம்பிக்காதீங்க. சர்வீஸ் லைன்ல நின்னு இருபது, அங்கயும் பேஸ்லைனுக்கும் நடுவுல இருபது, அப்புறம் பேஸ்லைன்ல இருபது. டாஸ், அதாவது பந்தை மேல தூக்கிப் போடறது, கொஞ்சம் முன்னாடி, உங்க வலது தோளுக்கு நேரா. கை முழுசா நீண்ட உயரத்துக்குக் கொஞ்சம் மேல போனாப் போதும். பனைமர உயரத்துக்குப் போட்டா காத்துல நகரும், விழற வேகமும் கூடும்.

ரிட்டர்னுக்கு ஒரே விதி. வேகமான சர்வ் வந்தா பின்னாடி வீச்சைச் சுருக்கி, நடுக் கோர்ட்டுல ஆழமா. 200 கிலோமீட்டர் வேகத்துல வர்ற சர்வ் அவங்களை அடைய அரை நொடிக்குக் கொஞ்சம் மேலதான் ஆகும், அதுல யாரும் கோட்டைக் குறி பாக்க மாட்டாங்க. நம்ம மட்டத்துல எதிராளி போடற ரெண்டாவது சர்வுக்கு ரெண்டடி முன்னாடி வந்து நின்னாலே பாதி வேலை முடிஞ்சுது.

சேலத்துல காலையில நடக்கிறது பெரும்பாலும் டபுள்ஸ்தான், அதனால அதைப் பத்தியும் சுருக்கமா. நெட்டுல நிக்கிறவர் ஓரக் கோட்டைக் காவல் காக்க வேண்டாம். நெட்டுல இருந்து ரெண்டு, ரெண்டரை மீட்டர்ல, பாக்ஸுக்கு நடுவுல நின்னு, பார்ட்னர் சர்வ் விழுந்ததும் குறுக்க ஓரடி நகரணும். சர்வ் பண்றவர் உடம்பைப் பாத்தோ சென்டர் கோட்டைப் பாத்தோ போட்டா ரிட்டர்னுக்குக் கோணம் கிடைக்காது. ஓரத்துல ஒரு பந்து போயிடுச்சேன்னு வருத்தப்படாதீங்க. நடுவுல பத்து பந்து போறதுதான் நஷ்டம்.

இப்ப ஏற்காடு. உங்க அடியில தப்பில்லைங்க, காத்துலதான் வித்தியாசம். சேலம் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 280 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினா ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல. அங்க காத்தோட அடர்த்தி பத்துல ஒரு பங்கு குறைவு. காத்து குறைஞ்சா பந்தைத் தடுக்கறதும் குறையும், பந்து வேகத்தை இழக்காமப் போய்க்கிட்டே இருக்கும். டாப்ஸ்பின் பந்தைக் கீழ அழுத்தறதும் அதே காத்துதானே, அதனால அந்த இறக்கமும் குறையும். ரெண்டும் ஒரே பக்கம் இழுக்குது. மூணாவது, பந்துக்குள்ள இருக்கிற அழுத்தம் மாறலை, வெளிய அழுத்தம் குறைஞ்சிருக்கு. அதனால பந்து கொஞ்சம் விறைச்சு, ஸ்ட்ரிங்ல இருந்து சுறுசுறுப்பாக் கிளம்பும், தரையிலயும் கூட எழும்பும். குளிரு இதுல கொஞ்சத்தைத் திருப்பி ஈடு கட்டும், ஏன்னா குளிர்ந்த பந்து மந்தமா எழும்பும். காலை ஏழு மணிக்கு ஒழுங்கா இருந்த பந்து பத்து மணி வெயிலுக்குப் பறக்க ஆரம்பிச்சா ஆச்சரியப்படாதீங்க. 650 மீட்டர்ல இருக்கிற ஸ்பெயின் மாட்ரிட்டுக்கே புரொஃபஷனல்கள் ஸ்ட்ரிங்கை இறுக்கிக்கிட்டுத்தான் வர்றாங்க. ஏற்காடு அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல.

இதுக்கு விதிப் புத்தகத்துலயே வழி இருக்கு. 1,219 மீட்டருக்கு மேல, அதாவது 4,000 அடிக்கு மேல ஆடறதுக்குன்னு தனிப் பந்து உண்டு. சாதாரணப் பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து போட்டா 135ல இருந்து 147 சென்டிமீட்டர் எழும்பணும். அந்த உயரமான ஊர்ப் பந்து 122ல இருந்து 135 வரைக்கும்தான். நம்ம கடைகள்ல சும்மா போய்க் கேட்டாக் கிடைக்காது. அதனால சேலத்துல நாலஞ்சு நாள் ஆடி, கொஞ்சம் களைச்ச பந்தை மேல எடுத்துட்டுப் போங்க. புது டப்பாவை அங்க உடைக்காதீங்க. குறியை பேஸ்லைனுக்கு ஒன்றரை மீட்டர் உள்ள வெச்சிருந்தீங்கன்னா அங்க ரெண்டரை மீட்டர் ஆக்குங்க. வீச்சை மெதுவாக்கி அடக்கறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. மெதுவாக்கினா இருந்த சுத்தும் போயிடும், பந்து இன்னும் மிதக்கும். முழு வேகத்துல, இன்னும் மேல நோக்கி வீசுங்க.

கடைசியா பவுண்டு, அதாவது ஸ்ட்ரிங்கை எவ்வளவு இறுக்கமாக் கட்டறதுங்கற அளவு. முதல்ல எந்த ஸ்ட்ரிங்? புரொஃபஷனல்கள் போடறாங்கன்னு பாலியெஸ்டர் போட்டுக்காதீங்க. அது விறைப்பு, முழங்கைக்கு ஆகாது. அறுபடறதுக்கு ரொம்ப முன்னாடியே செத்துடும். அவங்க ஒரு ஆட்டத்துக்கே புதுசாக் கட், அதாவது ஸ்ட்ரிங், போட்ட ராக்கெட் நாலஞ்சு கொண்டு வர்றாங்க. பந்தையும் முதல் ஏழு கேமுக்கு அப்புறம், அதுக்கு மேல ஒவ்வொரு ஒம்பது கேமுக்கும் மாத்தறாங்க. நம்ம ஒரு டப்பா பந்தை மாசக் கணக்குல ஆடி, மயிர் போய் வழுக்கையான பந்தை அடிச்சிட்டு, 'ஸ்பின் வரலையே'ங்கறோம். உங்க வயசுக்கு மெல்லிய இழை நிறையச் சேர்த்து முறுக்கின மல்டிஃபிலமென்ட், இல்ல நைலான்ல வர்ற சிந்தெடிக் கட். 52ல இருந்து 55 பவுண்டு. பந்து நிறைய வெளிய போகுதுன்னா ரெண்டு ஏத்துங்க, நெட்டுல விழுது, கை வலிக்குதுன்னா ரெண்டு இறக்குங்க. பாலியெஸ்டர்தான் வேணும்னு அடம் பிடிச்சா 46, 48க்கு மேல போகாதீங்க. ஏற்காட்டுக்கு அடிக்கடி போறவங்க ஒரு ராக்கெட்டை மட்டும் ரெண்டு, மூணு பவுண்டு கூட வெச்சுக்கலாம். வாரத்துக்கு எத்தனை தடவை ஆடறீங்களோ, வருஷத்துக்கு அத்தனை தடவையாவது கட் மாத்தணும். கட் போடறவர்கிட்டயே தேதியையும் பவுண்டையும் ஒரு சின்ன ஸ்டிக்கர்ல எழுதி ராக்கெட் கழுத்துல ஒட்டித் தரச் சொல்லிடுங்க. இல்லைன்னா 'இப்பதான போட்டோம்'னு நினைச்சுக்கிட்டே ரெண்டு வருஷம் ஓடிடும்.